சாவி வைத்திருப்பவரே கை வைத்தால்...? கம்பெனி தகவல்களை உள் ஆட்கள் திருடாமல் தடுப்பது எப்படி?

கடைக்கு எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும், சாவி வைத்திருப்பவரே கல்லாவில் கை வைத்தால் என்ன செய்ய முடியும்? கம்ப்யூட்டரில் உள்ள தகவலுக்கும் இதே கதிதான்.

வங்கி, ஆஸ்பத்திரி, செல்போன் கம்பெனி என எங்கு போனாலும் நம் பெயர், முகவரி, போன் நம்பரை வாங்கிக் கொள்கிறார்கள். இவை மொத்தமாக சேரும் இடம்தான் "டேட்டாபேஸ்". வெளியில் இருந்து வரும் திருடனை தடுக்க பல வழி உண்டு. உள்ளே வேலை பார்ப்பவர் எடுத்தால் சட்டென்று தெரியாது.

2005-ம் ஆண்டு புனேயில் நடந்த சம்பவம் இதற்கு உதாரணம். அங்குள்ள கால் சென்டர் ஊழியர்கள், அமெரிக்காவில் உள்ள சிட்டி பேங்க் வாடிக்கையாளர்களிடம் போனில் நைசாக பேசி ரகசிய எண்ணை கறந்தனர். நம்பரை எழுதி வெளியே எடுத்துச்செல்ல முடியாத அளவுக்கு அங்கு கெடுபிடி இருந்தது. இதனால் மனப்பாடம் செய்து, பிரவுசிங் சென்டரில் இருந்து பணத்தை போலி கணக்குகளுக்கு மாற்றியதாக போலீஸ் விசாரணையில் தெரிய வந்தது. பறிபோனது சுமார் 3½ லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் ரூ.1½ கோடி!

2025-ல் அமெரிக்காவின் "காயின்பேஸ்" நிறுவனத்துக்கும் இதே தலைவலி. வெளிநாட்டில் இருந்த சேவை ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து, 69 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் விவரங்களை ஒரு கும்பல் சுருட்டியது. 2 கோடி டாலர் கேட்டு மிரட்டியது. நிறுவனம் மசியவில்லை. அதே தொகையை துப்பு கொடுப்பவர்களுக்கு பரிசாக அறிவித்தது.

இதை தடுக்கும் வழிகள் வருமாறு:-

* ஒரே பாஸ்வேர்டை எல்லோரும் பயன்படுத்தக்கூடாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். அப்போதுதான் யார் செய்தது என்று தெரியும்.

* பில் போடுபவருக்கு பில் விவரம் போதும். மற்றதை காட்டக்கூடாது.

* கணக்கு எண்ணில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிந்தால் போதும்.

* யார், எப்போது, எதை பார்த்தார் என்பது தானாக பதிவாக வேண்டும். அந்த பதிவை டேட்டாபேசை கவனிப்பவரே அழிக்க முடியாதபடி வேறு ஒருவர் பொறுப்பில் வைக்க வேண்டும்.

* வேலையை விட்டு நின்றவரின் பாஸ்வேர்டை அன்றே முடக்க வேண்டும்.

வேலைக்காக கிடைத்த வாடிக்கையாளர் விவரத்தை ஆதாயத்துக்காக வெளியே கொடுத்தால், தகவல் தொழில்நுட்ப சட்டம் 72ஏ பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் கிடைக்கும். 2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டமோ, பாதுகாப்பில் கோட்டை விடும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

பொதுமக்களும் உஷாராக இருக்க வேண்டும். உங்கள் பெயர், கணக்கு விவரத்தை புட்டுப்புட்டு வைக்கிறார் என்பதற்காக, போனில் பேசுபவர் வங்கி அதிகாரி என்று நம்பிவிடக்கூடாது. ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.