விவாகமும் உத்தியோகமும்

உத்தியோக விண்ணப்பப் பத்திரங்களிலே ‘விவாகமானவரா?’ என்றொரு வினா இருப்பதை நாமெல்லோரும் அறிவோம். ஆசிரியனாக இருந்த காலத்தில் அவ்வினாவுக்கு ‘ஆம்’ என்று பலமுறை விடை எழுதியிருக்கிறேன். ஒருமுறையேனும் என் பேனா தயங்கியதில்லை. விவாகம் என் சம்பளத்தைக் குறைக்கவில்லை. என் கற்பிக்கும் ஆற்றலை அதன் பொருட்டு எவரும் ஐயுறவுமில்லை. ஆனால், அதே விடைக்காக ஒரு நாட்டின் ஆசிரியைகள் வகுப்பறையைத் துறக்க நேர்ந்த வரலாற்றைப் படித்தபொழுது, அச்சிறு வினாவின் பாரம் எனக்குப் புலனாயிற்று.

அந்நாடு அயர்லாந்து. புதிதாகத் தகுதி பெற்று வரும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகள் விவாகம் செய்தால் பதவி விலகவேண்டும் என்ற விதி 1934ஆம் ஆண்டில் அங்கே நடைமுறைக்கு வந்தது. அரசாங்கக் கந்தோர்களிலும் இத்தகைய விதியே நிலவியது. இல்லறக் கடமையும் உத்தியோகக் கடமையும் ஒருங்கே நடவா என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று.

இந்நியாயத்தை அவர்களுடைய சட்டமே பொய்யாக்கியது என்பதுதான் விந்தை. விவாகத்தின் பொருட்டு விலகிய அரசாங்க ஊழியர், கணவனை இழந்தால் மீண்டும் சேவையிற் சேர்க்கப்படுவதற்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. வீட்டுப் பொறுப்புத்தான் தடையென்றால், தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண்ணுக்கு அது இரட்டிப்பல்லவா? மாலை சூடிய நாளில் மறைந்த திறமை, மாலை இழந்த நாளில் எவ்வாறு திரும்பிற்று? அவ்விதி அளந்தது பெண்ணின் ஆற்றலையன்று. அவளுக்குச் சோறிட ஓர் ஆண்மகன் இருக்கிறானா என்பதையே.

ஆசிரியைகள் மீதிருந்த தடையை 1958ஆம் ஆண்டில், கல்வி அமைச்சர் ஜாக் லிஞ்ச் நீக்கினார். பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு ஏற்பட்டிருந்த பஞ்சம் அதற்கு முக்கிய காரணமாயிற்று. நீதி திறவாத கதவைத் தேவை திறந்தது. அரசாங்க ஊழியரோ 1973ஆம் ஆண்டுவரை காத்திருந்தனர்.

அயலிலுள்ள இந்தியாவிலும் இத்தகைய விதியொன்று இருந்தது. வெளிநாட்டுச் சேவையிலிருந்த பெண், விவாகத்திற்கு முன் அரசாங்கத்தின் அனுமதியைப் பெறல்வேண்டும். அதனை எதிர்த்து முத்தம்மா என்னும் அதிகாரி தொடுத்த வழக்கில், விவாகமான ஆணுக்குள்ள உரிமை விவாகமான பெண்ணுக்கும் உண்டென்று நீதியரசர் கிருஷ்ணய்யர் 1979ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

விதிகள் மறைந்தன, வினா மறைந்ததா? நேர்முகப் பரீட்சைக்கு வரும் இளம்பெண்ணிடம், “கலியாணம் எப்போது? பிள்ளை பிறந்தால் என்ன செய்வீர்?” என்று கேட்பார் இன்றும் உளர். என்னிடம் எவரும் அவ்வாறு கேட்டதில்லை. என் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை, வெட்கத்தோடு, இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். தேர்வு செய்யும் ஆசனத்தில் நாளை அமரவிருக்கும் மாணவ நண்பர்கள், ஆணிடம் கேளாத வினாவைப் பெண்ணிடமும் கேளாதிருப்பார்களாக.