பதிவு செய்யாத பெயருக்கும் தடையாணை கிடைக்கும்

ஒரே ஒரு 'எஃப்' எழுத்தால் வந்த வழக்கு அது. சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999 ஜூனில் 'சிஃபி' என்று தொடங்கும் டொமைன் பெயர்களைப் பதிந்து இணையத் தொழில் நடத்திவந்தது. 2001இல் இன்னொரு நிறுவனம், கூடுதலாக ஓர் 'எஃப்' சேர்த்து 'சிஃபிநெட்' என்று கிளம்பியது. பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட் தற்காலிகத் தடை கொடுத்தது, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, 2004 மே 6இல் உச்ச நீதிமன்றம் மீட்டுத் தந்தது. தொடங்கிய ஐந்து பேரின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் என்று பிரதிவாதி சொன்ன விளக்கம் எடுபடவில்லை.

வழக்கின் பிடி, பாசிங் ஆஃப்: தன் சரக்கைப் பிறர் சரக்குபோலக் காட்டி விற்பது. வணிகக் குறிகள் சட்டம் 1999இன் 27ஆம் பிரிவின்படி, பதியாத குறிக்காக மீறல் வழக்குப் போட முடியாது. ஆனால் பாசிங் ஆஃப் உரிமையை அதே பிரிவு விட்டுவைத்திருக்கிறது. அதற்கு நற்பெயர், ஏமாற்றும் சாயல், இழப்பு அல்லது அதற்கான வாய்ப்பு ஆகிய மூன்றையும் பிராதில் சொல்லியாக வேண்டும். கெட்ட எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை.

நற்பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'நாடெங்கும் புகழ்பெற்ற' என்று எழுதினால் புகழ் வந்துவிடாது. முதல் பில் எந்தத் தேதியில், ஆண்டுவாரியாக விற்பனை எவ்வளவு, விளம்பரத்துக்கு எவ்வளவு என்று ஆடிட்டர் சான்றோடு அட்டவணை வேண்டும். பெங்களூரை ஒட்டிய பிடதியில் கார் செய்யும் டொயோட்டாவே 'பிரியஸ்' வழக்கில் இதில்தான் தோற்றது. அந்தக் கார் ஜப்பானில் 1997இல் வந்தது. ஆனால் 2001 ஏப்ரலில், பிரதிவாதி அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, இந்தியாவில் அதற்குப் பெயர் இருந்ததாகக் காட்டும் ஆதாரம் போதவில்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எந்தக் கோர்ட் என்பதும் தந்திரமான கேள்வி. வாதி தன் ஊரிலேயே வழக்குப் போடும் சலுகையை 134(2) பிரிவு பதிந்த குறிக்கு மட்டுமே தருகிறது. பாசிங் ஆஃப் என்றால் பிரதிவாதியின் ஊர், இல்லையேல் வழக்குக் காரணம் எழுந்த ஊர். பெங்களூரில் வழக்குப் போட, வாதி வீடு அங்கே ஜெயநகரில் இருந்தால் மட்டும் போதாது. போலிச் சரக்கு சிக்பேட்டைக் கடையில் இன்ன தேதியில் வாங்கப்பட்டது என்று எழுதி, பில்லையும் இணைக்க வேண்டும்.

வணிக நீதிமன்றத்துக்குப் போகும் வழக்கென்றால் முதலில் சமரச முயற்சி. அவசர இடைக்கால நிவாரணம் கேட்டால் விலக்கு. கேட்கும் தடையாணை வெறும் சாக்கா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்கிறது 2023இன் யாமினி மனோகர் தீர்ப்பு. எனவே, போலி எப்போது கண்ணில் பட்டது என்ற தேதியை மழுப்பக் கூடாது.

எதிராளியிடம் பதிவுச் சான்றிதழ் இருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் இரு தரப்பிடமும் சான்றிதழ் இருந்தது. 1900 முதல் அந்தப் பெயரில் கடை நடத்திவந்த தரப்புக்கே 2015இல் தீர்ப்பு வந்தது.