17 ஆட்டம், 17 வெற்றி: மயாமியைக் கரைசேர்த்த 38 வயது ஆட்டக்காரர்

அமெரிக்கக் காற்பந்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். தாக்குதலை வழிநடத்துபவர் குவாட்டர்பேக். அவர் விழுந்தால் குழுவே தடுமாறும்.

1972-இல் மயாமி டால்பின்ஸுக்கு அந்தச் சோதனை ஐந்தாவது ஆட்டத்திலேயே வந்தது. பாப் கிரீசியின் கால் எலும்பு முறிந்தது. களமிறங்கியவர் 38 வயது ஏர்ல் மோரல். பழைய குழு கைவிட்ட அவரை வெறும் 100 டாலர் கட்டணத்தில் சேர்த்திருந்தார் பயிற்றுநர் டான் ஷூலா.

அன்றைய ஆட்டமும் லீக்கில் மீதமிருந்த ஒன்பதும் வெற்றி. தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றில் பிட்ஸ்பர்க்குடன் 7-7 எனச் சமநிலை. இடைவேளைக்குப் பின் ஷூலா மோரலை அமர்த்திவிட்டு, குணமடைந்த கிரீசியை இறக்கினார். கடினமான முடிவுதான், மயாமி 21-17 என வென்றது.

1973 ஜனவரி 14-இல் வாஷிங்டனை 14-7 என வீழ்த்திய இறுதியாட்டத்தையும் கிரீசியே வழிநடத்தினார். ஆனால், 17 ஆட்டங்களில் 11-ஐத் தொடங்கியவர் மோரல்.

2007-ஆம் ஆண்டுப் பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 18 ஆட்டங்களை வென்று, இறுதியாட்டத்தில் தோற்றது.