வீட்டுப் பின்னால் நிற்கும் தென்னை: நாமே ஏறலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறி முடித்த கையோடு வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டுகிறார். ஏணியைத் தேடுகிறார். வீட்டுப் பின்னால் நிற்கும் தென்னையில் காய்ந்த மட்டை நாலைந்து தொங்குகிறது. முந்தின ராத்திரி ஒன்று தகரக் கூரையில் விழுந்து, தூங்கிய பிள்ளை அலறி எழுந்துவிட்டது. "ஆள் கூப்பிட்டு வெட்டலாமே" என்கிறார் வீட்டுக்கார அம்மா. "நாள் முழுக்கச் செம்பனையில குலை வெட்டுறவன் நான். இந்த ஒத்தத் தென்னைக்குப் போயி ஆள் கூப்பிட்டா நாலு பேரு சிரிக்க மாட்டானா?" என்கிறார் அவர். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தோட்டத்து லயத்திலும் இது நடக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு நம்மவர்கள் குடியேறிய தாமான் வீடுகளிலும் நடக்கிறது. அந்த அம்மாவுக்காகத்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் தோட்டத்தில் செய்கிற வேலை என்ன? செம்பனையில் நாம் மரம் ஏறுவதில்லை. சின்ன மரமென்றால் உளி, வளர்ந்த மரமென்றால் நீளக் கம்பில் கட்டிய அரிவாள். இரண்டுக்கும் கால் தரையில்தான் இருக்கிறது. குலை சரியும்போது இரண்டு எட்டு விலகி நிற்கலாம். ஏணியின் மேல் நிற்பவன் எங்கே விலகுவது?

இன்னொன்றையும் பாருங்கள். செம்பனைக்கு ஏறக்குறைய 25 வயதாகிவிட்டால் நிர்வாகம் அதைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்கிறது. காய்ப்பு குறைவது ஒரு காரணம். கம்பு எட்டாத உயரத்துக்கு மரம் போய்விடுவது மற்றொரு காரணம். காசுக்குக் காசு கணக்குப் பார்க்கும் நிர்வாகமே வேண்டாமென்று கைவிடும் உயரத்தில்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை ஏணி சாத்தப் பார்க்கிறோம்.

(இடையில் ஒரு சேதி. இந்த நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்ட தோட்டம் சிலாங்கூரில் 1917-இல் தொடங்கியது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரைப் பார்த்தாலே நம்மவர் வாய் தெரிகிறதல்லவா!)

"அந்தக் காலத்துல எங்க தாத்தா ஏறுவாரே" என்பார்கள். ஏறினார்கள், உண்மைதான். தோட்டத்துக் கள்ளுக்கடைக்காகத் தினமும் மரமேறிக் கள் இறக்கியவர்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு அதுவே தொழில். காலில் தளை, இடுப்பில் அரிவாள், எந்த மரத்தில் எந்த மட்டை இளகியிருக்கிறது என்று கைக்குத் தெரியும். அவர்களிலும் விழுந்தவர்கள் உண்டு. தாத்தா ஏறினார் என்பதற்காகப் பேரனுக்கு அந்தக் கால் வந்துவிடாது. கிளந்தானிலும் திரங்கானுவிலும் மலாய்க்காரர்கள் தேங்காய் பறிக்கக் குரங்கைப் பழக்கி ஏற்றுகிறார்களே, தங்களுக்கு ஏறத் தெரியாமலா?

நமக்கு நன்கு தெரிந்த ஒருவர் இருந்தார். தோட்டத்தில் பேர்போன வெட்டுக்காரர். பல ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வீட்டுத் தென்னையில் ஏறினார். மட்டையைப் பிடித்து உடம்பை மேலே தூக்கினார். பார்வைக்குப் பச்சையாக இருந்த மட்டை, அடியில் பிடி விட்டிருந்தது. கையோடு கழன்று வந்துவிட்டது. உயிர் தப்பினார், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வேலை விபத்துக் கணக்கில் அது வரவில்லை. விடுமுறை நாள், வீட்டு மரம். வேலை போனதும் சில மாதத்தில் தோட்ட வீட்டையும் காலி செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி நம்மிடம் சொன்னது இதுதான்: "மட்ட விழுந்திருந்தா கூரைதாங்க போயிருக்கும். தகரம் வாங்கிப் போட்டிருப்போம்."

விழுவது மட்டுமல்ல. நாம் அதிகம் அஞ்சுவது மின்சாரக் கம்பிக்குத்தான். ஏனென்றால் தரையில் நிற்பவனையும் அது விடுவதில்லை. தோட்டத்துக் கம்பு அலுமினியம். வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், அதுவே ஆளைக் கொல்லப் போதும். சாலையோரம், தோட்டத்து எல்லையில் போகும் பெரிய கம்பிகளில் 11,000 வோல்ட், 33,000 வோல்ட் என்று ஓடுகிறது. அவற்றைத் தொடவே வேண்டியதில்லை. கம்பு பக்கத்தில் போனாலே பாய்ந்துவிடும். "மூங்கில் கம்புதானே" என்பீர்கள். ஈர மூங்கிலில் மின்சாரம் வரும். பச்சை மட்டையிலும் வரும். வெட்டிய மட்டை நாம் நினைத்த பக்கம் விழாமல் கம்பிமேல் சாய்ந்து, மறுமுனை நம்மேல் பட்டாலும் கதை முடிந்தது.

ஆகவே அரிவாளைக் கையில் எடுக்குமுன் அண்ணாந்து பாருங்கள். மரத்து மட்டையோ நம் கம்போ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியை எட்டுமா? எட்டுமென்றால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். தெனாகாவின் 15454 எண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். தூக்கப் போனவனும் சேர்ந்து போன கதைகள் உண்டு. 999-க்கு அழையுங்கள்.

அப்படியானால் நாம் எதைத்தான் செய்யலாம்? கம்பி இல்லை, தரையில் நின்றபடி கம்பு சுலபமாக எட்டுகிறது, காய்ந்த மட்டை மட்டும் என்றால், தாராளமாகச் செய்யுங்கள். நேர் கீழே நிற்காதீர்கள், பக்கவாட்டில் நின்று இழுங்கள். தோட்டத்தில் போடும் தலைக்கவசத்தை வீட்டிலும் போடுங்கள். முற்றிய தேங்காய் ஒரு கிலோவுக்குக் குறையாது. 50 அடி உயரத்திலிருந்து விழுந்தால் தரைக்கு வரும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் இருக்கும், மோட்டார் சைக்கிள் வேகம்! பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள். உச்சியில் குளவிக்கூடு தெரிந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம். குடிமைத் தற்காப்புப் படையினரைக் கூப்பிட்டால் கூட்டை எடுத்துவிடுவார்கள்.

ஏணி போட வேண்டும், ஏற வேண்டும் என்றால் நம் பதில் 'கூடாது' என்பதே. உருண்டையான மரத்தில் சாத்திய ஏணி ஒரு பக்கம் வழுக்கத்தான் செய்யும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆளைக் கூப்பிட்டால் சிலர் "காசு குடுக்கிறோமே, மொட்டையா அடிச்சுடு" என்கிறார்கள். வேண்டாம். தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டைதான் விடுகிறது. ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை. பச்சை மட்டையை வெட்டினால் வருகிற காயை வெட்டுகிறோம். குலையைத் தாங்குவதும் அதன் அடிமட்டைதான். செம்பனையில் குலைக்குக் கீழே இரண்டு மட்டை விடச் சொல்லி மண்டோர் கத்துவாரே, 'சொங்கோ டுவா' என்று, வீட்டுத் தென்னையிலும் குலைக்கு அடியில் அந்தத் தாங்கல் வேண்டும். நடுக்குருத்தில் கத்தி பட்டால் மரமே போச்சு. அதற்கு வேறு குருத்து கிடையாது.

ஏறுவதற்காக மரத்தில் படிபோல் கொத்தி வைக்கிறார்களே, அதுவும் தப்பு. பால் மரத்தில் சீவிய பட்டை மறுபடி வளரும். தென்னையில் வளராது, கொத்திய காயம் கடைசிவரை அப்படியே இருக்கும். அதில் தண்ணீர் தேங்கி உளுக்கும். வெட்டுக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். 2007-இல் திரங்கானுவில் கண்டுபிடிக்கப்பட்ட வண்டு அது. உள்ளே புகுந்துவிட்டால் வெளியே தெரியும்போது மரம் பிழைப்பது கடினம்.

சரி, கூலி யார் கொடுப்பது? தோட்ட வீட்டில் இருப்பவர்கள் யோசியுங்கள்: வீடும் நிலமும் நிர்வாகத்துடையவை. அதில் நிற்கும் மரம் மட்டும் எப்படி நம் பொறுப்பாகும்? ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டு எண், மரம் எங்கே நிற்கிறது, மட்டை எதன்மேல் விழுகிறது, தேதி. ஆபீசில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். பதில் வராவிட்டால் சங்கத்து ஆளிடம் அந்த நகலைக் காட்டுங்கள். தாமானில் சாலையோரத்து மரமென்றால் நகராண்மைக் கழகத்தின் வேலை.

சொந்த வீட்டில், சொந்த மரமென்றால் செலவு நம்முடையதுதான். கூலி கேட்டால் தலை சுற்றும், நமக்கும் தெரியும். ஆனால் ஒரே வரிசையில் நாலு வீட்டில் தென்னை இருந்தால், நாலு பேரும் சேர்ந்து ஒரே நாளில் ஆளைக் கூப்பிடலாம். வருகிறவர் இடுப்புப் பட்டை, கயிறு கொண்டு வருகிறாரா என்று பார்த்துப் பேசுங்கள். வெறுங்காலோடு ஒரு பாராங்கை மட்டும் தூக்கி வருபவர் மலிவாகச் செய்வார். விழுந்தால் நம் வீட்டு வாசலில்தான் விழுவார்.

அடியோடு வெட்டுவதாக இருந்தால் முதலில் நாடா வைத்துச் சுற்றளவு பாருங்கள். 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட உள்ளாட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும். செத்த மரம், விழப்போகும் மரம் என்றால் விலக்கு உண்டு. வெட்டிய மரத்தைப் பின்னால் போட்டு வைக்காதீர்கள். உளுத்த தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். நாளைக்கு அது தோட்டத்து இளஞ்செம்பனைக்குத்தான் பறக்கும்.

சம்பளம் போதாமல், ஓய்வு நாளில் அடுத்த வீட்டு மரங்களைக் கூலிக்கு வெட்டப் போகும் நம் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் தம்பி, தோட்டத்தில் பிடிக்கும் சொக்சோவில் வேலை விபத்து என்று இருப்பது தோட்ட வேலைக்குத்தான். அந்தத் தென்னைக்கு அது சேராது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கென்று 2017-இல் தனிச் சட்டம் வந்தது. முதலில் டாக்சிக்காரர்களுக்கு, பிறகு மற்றத் தொழில்களுக்கும். பக்கத்து சொக்சோ ஆபீசில் அடையாள அட்டையோடு போய், உன் வேலை அதில் சேருமா என்று கேட்டு, பணம் கட்டிய ரசீதை மனைவி கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் அரிவாளை எடு.