ஐ3, ஐ5, ஐ7: எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் உள்ள கடத்தூர். 2022ஆம் ஆண்டு என் பெரியப்பா, கல்லூரியில் சேர்ந்த தன் மகளுக்கு லேப்டாப் வாங்கினார். மரவள்ளிக்கிழங்கு விற்ற பணம். கடையில் இரண்டைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று புதியது, ஐ3 ஸ்டிக்கர். மற்றொன்று ஏற்கனவே யாரோ பயன்படுத்தி, சரி செய்து விற்பனைக்கு வந்தது, ஐ5 ஸ்டிக்கர். விலையில் சில ஆயிரம்தான் வித்தியாசம். "3ஐ விட 5 பெரிசு" என்று கடைக்காரர் சொல்ல, பெரியப்பா ஐ5ஐ எடுத்து வந்துவிட்டார்.

ஒரு மாதத்தில் தங்கை போன் செய்தாள். "அண்ணா, ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

பெட்டிக்குள் என்ன?

லீவில் ஊருக்குப் போய்ப் பார்த்தேன். பிராசசர் ஐ5-5200யு. 2015ல் வந்தது, 2 கோர்கள். ராம் மெமரி 4 ஜி.பி. சுழலும் வகை ஹார்ட் டிஸ்க். கடையில் கொடுத்த விலைப்பட்டியலில், அவர் வேண்டாம் என்று வைத்த லேப்டாப்பும் இருந்தது. அதில் ஐ3-1215யு. 2022ல் வந்தது, 6 கோர்கள்.

"பெரிசைத்தானே தம்பி வாங்கினேன்?" என்றார் பெரியப்பா. தவறு அவருடையது அல்ல. 3, 5, 7 என்பவை ஒரே தலைமுறைச் சிப்களுக்குள் தரம் பிரிக்க வைத்த எண்கள். தலைமுறை மாறினால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எளிமையாக்கும் முயற்சிகள்

முன்பு கிகா ஹெர்ட்ஸ் எண்ணைக் காட்டி விற்றார்கள். 2004ல் பென்டியம் 4 சிப் 3.8 கிகா ஹெர்ட்ஸைத் தொட்டது. 2006ல் வந்த கோர் 2 டுவோ அதைவிடக் குறைந்த கிகா ஹெர்ட்ஸில் ஓடி அதனை முந்தியது. அந்தக் கணக்கும் பொய்த்தது.

2009 செப்டம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் வேறு வழியை முயன்றது. எண்களை ஒதுக்கிவிட்டு விஷன், விஷன் பிரீமியம், விஷன் அல்டிமேட் என்று மூன்றே ஸ்டிக்கர்கள். சிப்பை மட்டும் பார்க்காமல், அந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன வேலை செய்யலாம் என்பதை வைத்துப் பிரித்தார்கள். படம் பார்க்க ஒன்று, பகிர ஒன்று, வீடியோ போன்றவற்றை உருவாக்க ஒன்று. நல்ல யோசனை, ஆனால் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

எளிய ஸ்டிக்கர் எல்லாம் நேர்மையானது என்றும் எண்ண வேண்டாம். 2006ல் "விஸ்டா கேப்பபிள்" என்ற மைக்ரோசாப்ட் ஸ்டிக்கர் ஒட்டிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில், விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பு மட்டுமே ஓடும் நிலை இருந்தது. 2007ல் இது அமெரிக்காவில் வழக்கானது.

கடையில் கேளுங்கள்

1. முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள். படிப்பா, கணக்கா, வீடியோ எடிட்டிங்கா?

2. பிராசசரின் முழுப் பெயரைக் கேளுங்கள். ஐ5-5200யு என்றால் 5ஆம் தலைமுறை. ஐ3-1215யு என்றால் 12ஆம் தலைமுறை. 2023 டிசம்பரில் கோர் அல்ட்ரா சிப்கள் வந்தபோது இன்டெல் "ஐ" எழுத்தைக் கைவிட்டது. கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். முழு எண்ணைக் குறித்து வாருங்கள்.

3. ராம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. பின்னால் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.

4. ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. கேளுங்கள்.

5. பழையது வாங்கினால், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஓடுமா? இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல்தான் ஓடும்.

இவை அனைத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தங்கையின் லேப்டாப்பில் ராமை 8 ஜி.பி. ஆக்கி, எஸ்.எஸ்.டி. மாட்டினேன். டீ ஆறுவதற்குள் திறந்தது. படிப்பையும் அதிலேயே முடித்தாள். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. 5ஆம் தலைமுறைச் சிப்புக்கு விண்டோஸ் 11 இல்லை. எனவே இப்போது அதில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது.

அடுத்த முறை ஊரில் யார் லேப்டாப் வாங்கப் போனாலும், பெரியப்பா கேட்கும் முதல் கேள்வி: "எத்தனையாவது தலைமுறைன்னு கேட்டியா?"

நீங்களும் கேளுங்கள்.