முக்கொம்பு டூ பூம்புகார்: காவிரிக் கரையில் நாலு நாள் சைக்கிள்… கடலை நெருங்க நெருங்க ஆறு ஏன் சிறுக்கிறது?

‘சைக்கிள்ல கடல் வரைக்கும் போறதா? அதெல்லாம் வெளிநாட்டுல செய்வாங்க’ என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். திருச்சி கடல்மட்டத்திலிருந்து 80-90 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து பூம்புகார் வரை ஆற்றங்கரையை ஒட்டிப் போனால் தோராயமாக 150 கிலோமீட்டர். அதாவது இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் தரை இறங்கிக்கொண்டே போகிறது. மேடு என்று சொல்ல ஆற்றுப்பாலங்களைத் தவிர வேறெதுவும் கிடையாது. கியர் சைக்கிள் வேண்டியதில்லை. நல்ல பிரேக்கும் சற்று அகலமான டயரும் உள்ள சாதா சைக்கிளே போதும்.

ஆனால், எப்போது போவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எந்த மாதம் போகலாம்?

பலரும் ஜனவரி, பிப்ரவரியைச் சொல்வார்கள். வெயில் குறைவு, பனி விழும், சம்பா அறுவடை நேரம். எல்லாம் சரிதான். ஆனால் அந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். நீங்கள் போவதோ கிழக்கே. நாலு நாளும் எதிர்காற்றில் மிதிக்க வேண்டும். தவிர, மேட்டூர் அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் காலம் ஜனவரி 28-ம் தேதியோடு முடிகிறது. பிப்ரவரி பாதிக்கு மேல் போனால் ஆற்றில் மணலைத்தான் பார்க்கலாம்.

ஆடி மாதத்தில் நிலைமை தலைகீழ். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று மேற்கிலிருந்து வந்து முதுகில் கைவைத்துத் தள்ளும். அன்றைக்கு உங்கள் காலுக்குப் பாதி வேலைதான். வெயில் உண்டு, மறுக்கவில்லை. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி பத்தரைக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட்டால் சமாளிக்கலாம். என் ஓட்டு ஆடிக்குத்தான். ஆற்றில் தண்ணீர் இருந்தால்!

அந்த ‘இருந்தால்’ சாதாரண வார்த்தை இல்லை. குறுவைக்காக மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2024-ல் ஜூலை 28-ம் தேதிதான் திறந்தார்கள். ஆடிப்பெருக்குக்குச் சில நாள்களே இருந்த நிலையில் தண்ணீர் டெல்டாவுக்கு வந்து சேர்ந்தது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையைத் தொட மூன்று, நான்கு நாள்கள் ஆகும். எனவே, லாட்ஜில் ரூம் போடும் முன் மேட்டூர் நீர்மட்டச் செய்தியைப் பார்த்துவிடுங்கள். டெல்டாவில் விதை நெல் வாங்குபவரும் அதே செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் பிரிவு

பயணத்தை முக்கொம்பில் தொடங்குவது நல்லது. திருச்சியிலிருந்து மேற்கே சுமார் 18 கிலோமீட்டர். அகண்ட காவிரி இங்கேதான் இரண்டாகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம்.

கொள்ளிடம் தாழ்வான பாதையில் ஓடுகிறது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் போவதுதான் சுலபம். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போக, காவிரிக்குள் வரும் நீர் குறைந்து தஞ்சைப் பாசனம் திணறியது. அதற்காகத்தான் ஆர்தர் காட்டன் 1836-38ல் இங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட்டில் வெள்ளம் வந்தபோது அதே மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு புதிய கதவணை கட்டப்பட்டது.

முதல் நாள் ஸ்ரீரங்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சைக்கிளின் செயின் சத்தம், சீட் உயரம் எல்லாம் தெரிந்துவிடும். சரிசெய்துகொள்ள ஊரில் கடைகளும் உண்டு.

கல்லணையில் சைக்கிளை நிறுத்துங்கள்

இரண்டாம் நாள் காலை கல்லணை. கரிகாலன் கட்டியது, பழமையான அணை என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ‘தண்ணியைத் தேக்குது’ என்பார்கள். தேக்குவதில்லை. காவிரி மறுபடியும் கொள்ளிடத்தோடு சேர்ந்து கடலுக்கு ஓடிவிடாமல் தடுத்து, வயல் பக்கம் திருப்புகிறது. இன்றும் அங்கே நின்றால் நான்கு பாதைகளைப் பார்க்கலாம். காவிரி, வெண்ணாறு, 1934-ல் மேட்டூர் அணையை ஒட்டி வந்த கல்லணைக் கால்வாய் ஆகிய மூன்றும் பாசனத்துக்கு. நான்காவதான கொள்ளிடம், மிஞ்சும் வெள்ளத்துக்கு.

இங்கிருந்து கடல் வரை நமக்கு ஒரே சாலைதான். மாநில நெடுஞ்சாலை 22, பெயரே கல்லணை - காவிரிப்பூம்பட்டினம் சாலை. திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு போகும் இந்தப் பகுதிதான் மொத்தப் பயணத்திலும் அழகு என்பேன். வாழைத்தோப்பு, மூங்கில், படித்துறை. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆற்றின் கரை மேட்டில் இருக்கும், வயல் பள்ளத்தில் இருக்கும். நூற்றாண்டுகளாக வண்டல் படிந்து படிந்து ஆறு தன் படுகையைத் தானே உயர்த்திக்கொண்டது. அதனால்தான் மோட்டார் இல்லாமலே மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்குகிறது. அதே காரணத்தால், கரை உடைந்தால் ஊருக்குள் வருவதும் சுலபம்.

திருவையாறில் தியாகராஜர் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஒரு துண்டு அசோகாவைச் சாப்பிட்டுவிட்டு, இரவு தங்க தஞ்சாவூருக்குத் தெற்கே திரும்பலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து பாலங்களைத் தாண்டுவீர்கள். ‘ஐயாறு’ என்ற பெயருக்கு இந்த ஐந்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். காரில் போனால் இந்தப் பாலங்கள் கணக்கில் வராது. சைக்கிளில் ஒவ்வொன்றுக்கும் மூச்சுவாங்கும், மறக்காது.

சரி, ஆறு ஏன் சிறுக்கிறது?

மூன்றாம் நாள் திருவையாறுக்கே திரும்பி கபிஸ்தலம், சுவாமிமலை வழியாகக் கும்பகோணம். நான்காம் நாள் ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. இந்த வழியில்தான் ஒரு சந்தேகம் வரும். கடலை நெருங்க நெருங்க ஆறு பெருசாகத்தானே வேண்டும்? கும்பகோணம் பாலத்திலிருந்து பார்க்கும் காவிரி, திருச்சியில் பார்த்ததில் சின்னத் துண்டு. மயிலாடுதுறையில் இன்னும் ஒடுக்கம்.

மலையிலிருந்து இறங்கும் வரை காவிரி வாங்குகிற ஆறு. ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி என்று துணையாறுகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். முக்கொம்பைத் தாண்டியதும் கொடுக்கிற ஆறாக மாறிவிடுகிறது. குடமுருட்டி பிரிகிறது, அரசலாறு பிரிகிறது, வீரசோழன் பிரிகிறது. பிரிந்தது எதுவும் திரும்பி வருவதில்லை. ஒவ்வொன்றும் வாய்க்கால்களாகக் கிளைத்து வயலுக்குள் போய்விடுகிறது. வெள்ளத்தைச் சுமந்து கடலுக்குப் போகும் வேலையைக் கொள்ளிடம் எடுத்துக்கொண்டதால், காவிரிக்கு அகலமும் தேவைப்படவில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைசியில் இருப்பவருக்கு என்ன மிஞ்சும்? முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டுகளில் மேலே ஒரு மதகு அதிக நேரம் திறந்திருந்தால் கீழே ஒரு ஊருக்கு வராது. டெல்டாவில் ‘கடைமடை’ என்ற சொல்லில் ஊரின் இருப்பிடம் மட்டும் இல்லை, ஒரு மனக்குறையும் இருக்கிறது. மயிலாடுதுறையைத் தாண்டிய பிறகு டீக்கடையில் காதில் விழும் முதல் கேள்வி, ‘தண்ணி வந்துடுச்சா?’ என்பதாகத்தான் இருக்கும். ஆற்றில் நல்ல நீர் வராத காலத்தில் கடல்நீர் உள்ளே ஏறி, நிலத்தடி நீர் உப்பாவது இவர்களுக்கு இன்னொரு கவலை.

சில நடைமுறை விஷயங்கள்

அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள், சக்கரமும் வழுக்கும். கரையோரம் சீமைக்கருவேல முள் பஞ்சர் நிச்சயம். ஸ்பேர் டியூப் ஒன்று, கைப்பம்பு ஒன்று. கும்பகோணம் - மயிலாடுதுறை சாலையில் பஸ்கள் வேகம். ஹாரன் கேட்டால் மண்ணில் இறங்கி வழிவிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மதகுகளுக்கும் கதவணைகளுக்கும் பக்கத்தில் குளிக்க இறங்கவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும், கீழே சுழல் இருக்கும்.

கடைசி 25 கிலோமீட்டரை மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆடியிலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிரே வரும். மயிலாடுதுறையில் தங்கி, ஐந்தாம் நாள் விடியலில் செம்பனார்கோயில் வழியாகப் போவது உத்தமம்.

பூம்புகாருக்குச் சற்று முன்னால் மேலையூர். இங்குள்ள கதவணைதான் காவிரியின் கடைசித் தடுப்பு. ஒவ்வோர் ஆண்டும் மேட்டூர் தண்ணீர் இங்கே வந்து சேரும் நாளில் விவசாயிகள் பூத்தூவி வரவேற்பார்கள். அடுத்து கீழையூர். சங்க காலத் துறைமுகத்தின் செங்கல் படகுத்துறை அகழாய்வில் வெளிப்பட்ட ஊர். கப்பல் வந்து நின்ற ஆறா இது என்று பாலத்திலிருந்து எட்டிப் பார்ப்பீர்கள்.

அப்புறம் கடல். காவிரி கடலில் கலக்கும் இடத்தைச் சுட்டிக்காட்ட யாராவது தேவைப்படலாம். நீர்வரத்து இல்லாத மாதங்களில் முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கும், ஆறும் கடலும் சில அடி தூரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வரும் ஆண்டென்றால், அந்த மணலை அறுத்துக்கொண்டு கலங்கல் நிறத்தில் ஒரு கோடு கடலுக்குள் போவது தெரியும்.

திரும்பும்போது மயிலாடுதுறை ரயில் நிலையத்தில் சைக்கிளை லக்கேஜாக புக் செய்து திருச்சிக்கு ஏற்றிவிடலாம். ரயில் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது போய்விடுங்கள், பார்சல் ஆபீஸில் ரசீது போட நேரம் எடுக்கும்.