பருந்தை இனம் அறிவோம்

ஆகாயத்தில் வட்டமிடும் பறவை எதுவாயினும் அதற்குப் 'பருந்து' என்னும் ஒரே பெயரைச் சூட்டிவிடுவது நம் கிராமங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. அப்பெயருடன் 'கோழிக்குஞ்சுத் திருடன்' என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துவிடுகிறது. ஒருவன் செய்த குற்றத்திற்காக ஊரார் அனைவர் மீதும் அபராதம் விதிப்பது எவ்வளவு நியாயமோ, அவ்வளவே இதுவும் நியாயம். குஞ்சைத் தூக்கும் இனங்கள் மிகச் சிலவே. எஞ்சியவை எலி, வெட்டுக்கிளி, பாம்பு, ஓணான் முதலியவற்றைத் தின்று, உழவருக்குக் கூலியின்றிப் பணிபுரிகின்றன. ஆதலின் இப்பறவைகளை இனம் பிரித்து அறிவது வெறும் பொழுதுபோக்கன்று; சாகுபடி செய்வோருக்குத் தம் விளைச்சலைக் காப்பதோடு தொடர்புடைய காரியமாகும்.

எவ்வாறு இனம் அறிவது? நிறத்தை முதலில் நம்பலாகாது. உயரத்தில் பறக்கும்போது எல்லாப் பறவையும் கறுப்பாகவே தோன்றும். அன்றியும், இளம் பறவைக்கு ஒரு நிறம், வளர்ந்த பறவைக்கு ஒரு நிறம் என மாறுபாடு உண்டு. நெசவாளர் ஒருவர் தொலைவில் விரித்த சேலையைக் கரையையும் முந்தானையையும் கொண்டே இன்ன ஊர்ச் சேலை என்று கூறிவிடுவார். அதுபோன்று, பறவையின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். வால் பிளவுபட்டதா, வட்டமானதா? சிறகு அகன்று குட்டையானதா, நீண்டு கூரானதா? பறக்கையில் சிறகைத் தட்டையாக வைத்துள்ளதா, மேல்நோக்கி உயர்த்தியுள்ளதா? இம்மூன்று வினாக்களுக்கு விடை கண்டால் பாதி வேலை முடிந்தது.

நம் பக்கத்தில் அடிக்கடி காணக்கூடிய சிலவற்றை இங்கே கூறுவோம். ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும். ஆனால் அடையாளம் வேறுபடாது.

குப்பைமேட்டிலும் சந்தையிலும் திரியும் கரும்பருந்தின் வால் மீன்வால் போலப் பிளவுபட்டிருக்கும். வாலை விரிக்கும்போது அப்பிளவு மறைந்துவிடுவதால், ஒரு முறை பார்த்தவுடன் முடிவு செய்தல் கூடாது. கருடன் எனப்படும் செம்பருந்தின் வால் வட்டமானது. தலையும் மார்பும் வெண்மை, உடல் செங்காவி. கருடனின் குஞ்சு வளர்ந்து முழு நிறம் பெறும்வரை பழுப்பாகவே இருக்கும்; அதனைக் கரும்பருந்து என்று எண்ணுவோர் பலர். வாலைக் கண்டால் ஐயம் தீரும். கருடனைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நாமே அதன் குஞ்சைக் கல்லெறிந்து விரட்டுவது விந்தையன்றோ?

வல்லூறு சிறியது. குட்டையான வட்டச் சிறகும் நீண்ட வாலும் உடையது. நான்கைந்து முறை சிறகடித்து, பின் சற்றுச் சறுக்கி, மீண்டும் சிறகடித்து, மரத்துக்கு மரம் பறக்கும். இது சில சமயம் கோழிக்குஞ்சைத் தூக்குவதுண்டு. எனினும் ஓணானும் சிறு பறவையும் எலியுமே இதன் அன்றாட உணவு. அக்காக்குயில் உருவத்திலும் பறக்கும் முறையிலும் வல்லூற்றைப் போன்றே இருப்பதால் வீண்பழி சுமக்கிறது. வளைந்த அலகு இல்லாமையைக் கண்டு அதனை விடுவிக்கலாம்.

வயல்வெளியில் மின்கம்பியின் மீது அமர்ந்து, வெண்சாம்பல் உடலும் கறுப்புத் தோளும் செந்நிறக் கண்ணும் கொண்டு விளங்குவது கருந்தோள் பருந்து. நடுவானில் ஓரிடத்திலேயே நின்று சிறகடித்துப் பின் செங்குத்தாக இறங்கும். இதன் உணவில் பெரும்பகுதி எலியும் சுண்டெலியுமே. பனிக்காலத்தில் வடக்கே நெடுந்தூரத்திலிருந்து வந்து, தரிசிலும் புல்வெளியிலும் தாழப் பறந்து திரிவன பூனைப் பருந்துகள். சிறகை ஆழமற்ற 'வி' வடிவில் உயர்த்திப் பறப்பது இவற்றின் அடையாளம். பெண் பறவைகளின் வால் அடியில் வெண்பட்டை தெரியும். வெட்டுக்கிளி இவற்றுக்கு விருப்பமான உணவு. இரவில் கூட்டமாகத் தரையிலேயே தங்குவதால், அப்புல்வெளிகளுக்குத் தீ வைப்பது இவற்றின் வீட்டுக்கே தீ வைப்பதாகும்.

கண்ணால் கண்டதை மறுநாள் மறந்துவிடுகிறோம். கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும் என்று சங்கங்களில் வற்புறுத்துகிறோம். பறவைக் கணக்கில் அந்த ரசீது புகைப்படமே. இதற்கு விலையுயர்ந்த காமிரா இன்றியமையாததன்று. 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருப்பின் நலம். இல்லாதோர் கைப்பேசியைத் தொலைநோக்கியின் கண்ணாடியோடு பொருத்தியும் அடையாளம் காணப் போதிய படம் எடுக்கலாம். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டும். ஒளிமிக்க வானத்தின் எதிரே பறவை கரிக்கட்டி போல் விழும். ஆகவே ஒளியளவை ஒன்று அல்லது இரண்டு படி கூட்டிவைக்க வேண்டும். சூரியன் நமக்குப் பின்னால் இருக்கட்டும். காலையில் கம்பியிலும் கிளையிலும் அமர்ந்திருக்கும் பறவையை எடுக்கலாம். நிலம் சூடேறி வெப்பக்காற்று எழும்பிய பின்னரே பெரிய இனங்கள் வட்டமிடத் தொடங்கும்.

ஒரே படம் போதாது. சிறகின் அடிப்பக்கம், விரித்த வால், பக்கவாட்டுத் தோற்றம் ஆகிய மூன்றும் கிடைத்தால் ஐயத்திற்கு இடமிராது. வண்ணம் இல்லையே என்று வருந்தவும் வேண்டா. தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே புகழ் பெற்றார். வடிவமும் நிலையும் தெளிவாக இருப்பதே முக்கியம். படத்துடன் தேதி, நேரம், இடம், பறவை செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். ஆனால், கூட்டை நெருங்குவதோ, இரை காட்டி அழைப்பதோ, பறவையை எழுப்புவதற்காகக் கல்லெறிவதோ கூடாது. தாய் விலகியிருக்கும் சிறிது நேரத்தில் வெயிலும் காகமும் குஞ்சை முடித்துவிடும்.

இத்தகைய குறிப்புகளின் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் வரலாறே விடை. ராஜஸ்தானத்தில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் பூங்காவில் ஆண்டுதோறும் எண்ணிக்கை எடுத்து வந்தமையால், 1990களில் பாறுகள் குறைந்து வருவது வெளிப்பட்டது. இந்தியாவில் 1992 முதல் 2007 வரையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு அருகிவிட்டது. மாட்டின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, அதன் பிணத்தை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததே பாகிஸ்தானில் அவை மாண்டதற்குக் காரணம் என்பதை 2004இல் அறிஞர்கள் வெளியிட்டனர். இந்தியாவிலும் அதுவே காரணமென உறுதிப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் தடையாயின. மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது. நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகள் இன்றும் கூடு கட்டி வாழ்கின்றன. பால்மாடு வைத்திருக்கும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மருத்துவரிடம் எந்த மருந்து என்று கேட்டறிவது இப்பறவைக்குச் செய்யும் பேருதவியாகும்.

வயலிலும் இதே நீதிதான். இரத்தம் உறையாமற் செய்து கொல்லும் எலி விஷம் எலியின் உடலில் தங்கிவிடுகிறது. தளர்ந்து தள்ளாடும் எலியைப் பருந்தும் கூகையும் எளிதில் பிடித்துத் தின்று தாமும் நஞ்சுண்கின்றன. நூறு எலிகளைக் கொல்லக்கூடிய காவலனை ஓர் எலிக்காக இழக்கிறோம். வயலில் ஆங்காங்கே 'டி' வடிவக் கம்புகளை நட்டால், பகலில் கருந்தோள் பருந்தும் இரவில் கூகையும் அவற்றில் அமர்ந்து எலி பிடிக்கும். செலவு ஒரு கம்பும் ஓர் ஆணியுமே. வேட்டைப் பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்து, அங்கத்தினர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கண்ட பறவையை நாள் வாரியாக எழுதிவருவது நலம். படம் இருப்பின் அதையும் ஒட்டலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின் எப்பறவை எப்போது வருகிறது, எது குறைகிறது என்பது அப்புத்தகத்திலிருந்தே விளங்கும். இருப்புக் குறைவதை ஏடு காட்டினால்தான் இழப்பைத் தடுக்க முடியும். இது பண்டகசாலைக்கும் பொருந்தும்; வானத்துக்கும் பொருந்தும்.